ஹனீஃபாவின் வலது கண்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புருஷனுடைய கண் நல்ல கண். எள்ளளவு கல்லில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஜன்னலோரம் நின்று கண்டுபிடித்துவிடுகிற கண். அது ஏற்கெனவே கெட்டுப்போயிருந்த கண் என்று படித்தவர்கள் நாலு பேர் கூடி இங்கிலீஷில் எழுதி வைத்தார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. மோர் குடித்து அணைகிற எரிச்சல் இல்லை இது.

எங்கள் வீடுகளில் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை. எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். அவர் பெயர் ஹனீஃபா. நான் ஷரபுன்னிசா. திருச்சி பாலக்கரையில் இரண்டு அறை வீடு. முன் அறைதான் பட்டறை.

எங்கள் தொழில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது. ஸ்விட்சர்லாந்தில் உலை வைத்து வளர்த்த சிவப்புக் கல், விரல் மொத்தத்துக்குக் கட்டியாக வரும். அதை அறுத்து, குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் செம்புத் தட்டில் பட்டை வெட்டி, மெருகு போட்டால் மூக்குத்திக்கும் தோட்டுக்கும் போகும். பட்டை வெட்டுவது அவர், மெருகு போடுவது நான். வெளியே எல்லாம் 'ஹனீஃபா வேலை' என்றுதான் பெயர். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அசல் மாணிக்கம் விற்கிற பெரிய கடைக்காரர்கள்தான் எங்களைக் கண்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "டூப்ளிகேட் கல்லு" என்பார்கள். போகட்டும், அவர்கள் வீட்டுப் பெண்களே எங்கள் கல்லைப் போட்டுக்கொண்டு திரிந்தது எங்களுக்குத் தெரியும்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கல் முடிந்ததும் இடது கண்ணை மூடிக்கொண்டு, கல்லை வலது கண்ணுக்கு ஒட்டினாற்போல் கொண்டுபோய் வெளிச்சத்துக்கு நேராகப் பார்ப்போம். இமை மயிர் கல்லில் உரச வேண்டும், அவ்வளவு கிட்டே. பூதக்கண்ணாடி வைத்திருக்கிற ஆட்கள்கூடக் கடைசியில் இதைத்தான் செய்வார்கள். இதை யாரும் யோசித்துச் செய்வதில்லை. சோறு பிசைந்த கை வாய்க்குப் போகிற மாதிரி, கல்லைக் கண்டால் கண் தானாகப் போகும்.

1967 ஆனி மாதம் ஒரு காலை, புரொபசர் ஸௌரிராஜன் எங்கள் வாசலில் வந்து நின்றார். ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணக் கோடு, உடம்பில் புஷ் சட்டை, கையில் தோல் பை. கரூர் ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவர்; அமெரிக்காவில் மூன்று வருஷம் படித்துவிட்டு வந்தவர். நான் பின் அறைத் திரைக்குப் பின்னால் நின்றேன்.

பஞ்சில் பொதிந்திருந்த ஒன்றை எடுத்து என் புருஷனிடம் நீட்டினார். பென்சில் மொத்தத்தில், என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புத் தண்டு.

"இது என்ன கல்லுன்னு தெரியறதா?"

இவர் அதைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். "நம்ம கல்லுதாங்க. செயற்கை. என்ன, சாயம் கொஞ்சம் கம்மியா விட்டிருக்காங்க. ரோஸா இருக்கு."

புரொபசர் அசந்துவிட்டார். "அப்படிச் சொல்லும்! வேணும்னுதான் கம்மியா விட்டிருக்கா. அசல் மாணிக்கம் இந்த வேலைக்கு உதவாதுங்காணும். அதுல அழுக்கு ஜாஸ்தி. மனுஷன் வளர்த்த கல்லுதான் வேணும்."

அப்போது என் புருஷன் திரையைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! கேட்டியா, நம்ம கல்லுக்கு வந்த மவுசை என்று. அன்றைக்குப் பூராவும் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

இந்தத் தண்டுக்குள் பளீரென்று வெளிச்சத்தைப் பாய்ச்சினால், அது இரண்டு முனைக்கும் நடுவே முன்னும் பின்னும் ஓடி ஓடிப் பெருகி, ஒரே சிவப்பாக, ஊசி மாதிரி வெளியே பாயுமாம். லேசர் என்று பெயராம். உலகத்திலேயே முதன்முதலாக இதைச் செய்து ஏழு வருஷம்தான் ஆகிறதாம். அதற்குள் அமெரிக்காவில் இந்த வெளிச்சத்தை நிலா மேல் அடித்து, அது பட்டுத் திரும்பி வந்ததையும் பிடித்துவிட்டார்களாம். எல்லாம் புரொபசர் சொன்னதுதான். அவர் கொண்டுவந்த தண்டு கப்பலில் வரும்போது ஒரு முனையில் சில்லு பெயர்ந்துவிட்டது. திருப்பி அனுப்ப சர்க்கார் அனுமதி, அது இது என்று ஆறு மாதத்துக்கு மேல் ஆகும்.

"ரெண்டு முனையும் கண்ணாடியாட்டம் சமமா இருக்கணும், ஒண்ணுக்கொண்ணு நேரா இருக்கணும். உம்மால முடியுமா?"

"முடிச்சுத் தரேங்க" என்றார் இவர், என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

பத்தொன்பது நாள். மூக்குத்திக் கல்லுக்கு மெருகு போடும்போது ஓரம் கொஞ்சம் உருண்டாலும் அது அழகுதான். இதில் உருளவே கூடாது. எனக்கோ கை பழகின பழக்கம், ஓரத்தை உருட்டிக்கொண்டே இருந்தது. புரொபசர் ஒரு வட்டக் கண்ணாடியும் மஞ்சள் விளக்கும் கொடுத்திருந்தார். கண்ணாடியைக் கல்லின் முகத்தில் வைத்து அந்த விளக்கில் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். கோடு வளைந்திருந்தால் முகம் சமமில்லை என்று அர்த்தம். முதல் வாரம் எல்லாம் பிறை பிறையாக வளைந்து என் உயிரை வாங்கிற்று. பத்தொன்பதாம் நாள் கோடுகள் ரூல் போட்ட நோட்டு மாதிரி நின்றன. இவர் குழந்தை மாதிரி சிரித்தார். புரொபசர் வந்து பார்த்து, இவர் முதுகில் தட்டி, "அமெரிக்காவுல இதை மெஷின்ல பண்றா, ஹனீஃபா!" என்றார்.

"சார், அந்த வெளிச்சம் வர்றப்ப ஒரு தடவை நான் பார்க்கணும்."

"பேஷா! கூப்பிட்டு அனுப்பறேன், வாரும்."

கூப்பிட்டும் அனுப்பினார். ஆவணியில், ஒரு புதன்கிழமை. காலேஜ் அட்டெண்டர் அடைக்கலம் சைக்கிளில் வந்து, "மெஷின் வேலை செய்ய மாட்டேங்குதாம், கல்லு முகத்துல கோளாறான்னு பார்க்க வரச் சொன்னாரு" என்றார். இவர் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடுகிற சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நம்ம கல்லு வெளிச்சம் விடுறதைப் பார்த்துட்டு வரேன், ஷரபு" என்று சொல்லிவிட்டு அடைக்கலத்தின் சைக்கிள் பின்னால் ஏறினார்.

உச்சிவேளை லுஹர் தொழுகைக்குள் திரும்பிவிட்டார். அடைக்கலம் அவர் முழங்கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்.

நடந்தது இதுதான். இருட்டு அறை. மேஜை மேல் ஒரு குழாய்க்குள் கல் மாட்டியிருந்தது. புரொபசர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அந்தக் கோடியில் மின்சாரப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை முயற்சி பண்ணி வெளிச்சம் வரவில்லை. "ஹனீஃபா, அந்த முகத்தைக் கொஞ்சம் பாரும், தூசி கீசி இருக்கான்னு" என்றார். இவர் குனிந்தார். இடது கண்ணை மூடினார். வலது கண்ணைக் கொண்டுபோய்க் கல் முகத்துக்கு நேராக வைத்தார். வேறு எப்படிப் பார்ப்பார்? புரொபசர் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாணவர்களுக்குச் சொல்கிற வழக்கப்படி, இங்கிலீஷில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டு பட்டனை அமுக்கினார். மூன்று என்றால் விலகிக்கொள்ள வேண்டும் என்று மாணவர்களுக்குத் தெரியும். இவருக்கு யார் சொன்னார்கள்?

அந்தத் தடவை பார்த்து வெளிச்சம் வந்துவிட்டது.

"வலியே இல்ல ஷரபு. சிவப்பா ஒண்ணு வந்துச்சு, அவ்வளவுதான்" என்றார். நான் அவர் முன்னால் உட்கார்ந்து முகத்தைப் பார்த்தேன். கண் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. "இப்ப என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு பார்த்தார். "உன் காது தெரியுது, தோடு தெரியுது. மூஞ்சி தெரியலை. மூஞ்சி இருக்கிற இடத்துல கறுப்பா ஓட்டை மாதிரி இருக்கு" என்றார்.

யா அல்லா! அப்போதே கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

கண் டாக்டர் மருந்து ஊற்றி, விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். "கிரகணத்தன்னிக்குச் சூரியனை வெறும் கண்ணால பார்த்தீங்களா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னோம். அவருக்கு லேசர் என்ற பேரே புதிதாக இருந்தது. ஆனாலும் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "கண்ணுக்குள்ளயும் ஒரு லென்ஸ் இருக்கும்மா. வர்ற வெளிச்சத்தையெல்லாம் அது குவிச்சு ஒரே புள்ளியில விழ வைக்கும். அந்த இடம் வெந்து போயிருக்கு. நேராப் பார்க்கிறதுக்கு உண்டான இடமே அதுதான். மருந்து கிடையாது." நல்ல மனுஷர். சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார்.

கல் வேலைக்காரனுக்கு நேராகப் பார்க்கிற இடம் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? இடது கண்ணால் பழகிப் பார்த்தார். பட்டை கோணிற்று, கல் தெறித்தது, விரலில் தட்டு கிழித்தது. பத்து நாளில் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு பட்டையும் நான், மெருகும் நான். அவர் சுவரோரம் உட்கார்ந்து தட்டு ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்: "என் தப்புதான். நான் அவசரப்பட்டுக் குனிஞ்சிட்டேன்."

"உங்களைப் பாருன்னு சொன்னது யாரு? விலகுன்னு சொன்னது யாரு? ஒருத்தருமில்லையே!" என்று கத்துவேன்.

"படிச்சவங்க. அவங்க என்ன வேணும்னா செஞ்சாங்க? நாமதான் பார்த்து இருந்திருக்கணும்" என்பார். அவருக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து எனக்கு வந்தது.

ஒரு மாதம் ஆயிற்று. புரொபசர் எட்டிப் பார்க்கவில்லை. துப்பட்டியைப் போர்த்துக்கொண்டு பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கி, சித்திரை வீதியில் அவர் வீட்டை விசாரித்துக்கொண்டு போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் வாய் சாகவில்லை.

"மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கும்மா. என்ன பண்றது? எல்லாம் பெருமாள் திருவுள்ளம்."

"பெருமாளா பட்டனை அமுக்கினாரு?" என்று கேட்டேன்.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "மெதுவாப் பேசு. அங்கே போர்டு எழுதி மாட்டியிருக்கோம். நேராப் பார்க்கப்படாதுன்னு."

"போர்டு இங்கிலீஷ்ல. அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? வேலை வாங்கறப்ப மட்டும் தமிழ் வாயில வந்துச்சுல்ல?"

"இதோ பாரும்மா, அது வெறும் வெளிச்சம். ஒரு கண்சிமிட்டல் நேரம்கூட இல்லை. அதனால கண்ணு கெட்டிருக்காது. கல்லுத்தூசியிலயே உட்கார்ந்திருக்கிறவர், முன்னாடியே ஏதாவது இருந்திருக்கும்" என்றார்.

யாருக்குக் காது குத்துகிறார்! அந்தக் கண்ணை நம்பித்தானே பஞ்சில் பொதிந்து கொண்டுவந்து கொடுத்தார்? அதைக் கேட்பதற்குள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திரும்பி வருகிற வழி முழுக்க பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என்ன நினைத்தாளோ, நகர்ந்து உட்கார்ந்தாள்.

தை பிறந்தது. ஒரு காலையில் அடைக்கலம் மறுபடியும் வந்தார். கையில் அதே பஞ்சுப் பொதி. எனக்கு அவர் மேல் கோபமில்லை. அன்று என் புருஷனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து, போகிற வரைக்கும் அழுதவர் அவர்தான்.

"வெளிச்சம் அடிச்சு அடிச்சு கல்லு முகமே அரிச்சுப் போச்சும்மா. வர்ற வெள்ளிக்கிழமை மதராஸ்லேருந்து பெரிய அதிகாரி பார்க்க வர்றாரு. அதுக்குள்ள மெருகு போட்டாகணும்னு புரொபசர் சொன்னாரு." பொதியைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "சொல்ல வாய் கூசுதும்மா. இடது கண்ணு நல்லாத்தானே இருக்கு, அதை வச்சுச் செஞ்சு தர முடியுமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

சுவரோரம் உட்கார்ந்திருந்த இவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். நான் அடைக்கலத்தைப் பிடித்து உலுக்காத குறைதான்.

"என்ன நெஞ்சழுத்தம் இருந்தா அந்த ஆளு..."

"அது மட்டுமில்லம்மா. நீங்க தெரிஞ்சுக்கணும். அப்பவே ரிப்போர்ட் எழுதிட்டாங்க. யாரோ ஒரு கல் தொழிலாளி, அவருக்கு ஏற்கெனவே கண்ணு நோய் இருந்தது, எச்சரிச்சும் கேட்கலை, வெளிச்சத்தால ஆபத்து ஒண்ணுமில்லைன்னு. டைப் அடிக்கிற கிளார்க் படிச்சுச் சொன்னாரு. பேருகூடப் போடலைம்மா."

நான் கேட்டேன், "அந்த அதிகாரிக்கு என்ன காட்டப்போறாங்க?"

"பிளேடு. சவரம் பண்ற பிளேடை எதிர்ல நிறுத்தி வச்சு, வெளிச்சத்தாலயே ஓட்டை போடுவாங்க. கல்லு நல்லா இருந்தப்ப பொசுக்குன்னு போட்டுச்சும்மா, நானே பார்த்தேன்."

இரும்பை ஓட்டை போடும். கண்ணுக்கு ஆபத்தில்லை. இரண்டையும் சொல்வது ஒரே ஆள்! கல்லை வாங்கிக்கொண்டேன். "வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சுடும்னு சொல்லுங்க. ஆனா யார் கையிலயும் கொடுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை நானே கொண்டாந்து நானே மாட்டுவேன்" என்றேன்.

அந்த மூன்று நாள் மெருகைச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு இழுப்பில் அந்த முகத்தைக் கீறி ஒழித்துக்கட்டியிருக்க முடியும். புரொபசர் அதிகாரி முன்னால் பட்டனை அமுக்கி அமுக்கி அசடு வழிந்திருப்பார். எனக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் அப்படிச் செய்திருந்தால் 'வெளிச்சம் ஒன்றும் செய்யாது' என்ற பொய் அல்லவா ஜெயித்திருக்கும்? அதனால் வாழ்நாளில் போடாத மெருகு போட்டேன். மஞ்சள் விளக்கில் கோடுகள் ஆடாமல் அசையாமல் நின்றன.

வெள்ளிக்கிழமை காலேஜ் வாசலிலேயே புரொபசர் என்னை மறித்தார். "நீ எதுக்கு வந்தே? கல்லைக் கொடுத்துட்டுப் போ."

"மெருகு போட்டது நான். முதல் தடவை போட்டதும் நான்தான். கைபட்டா முகம் போயிடும், நானேதான் மாட்டுவேன். வேண்டாம்னா சொல்லுங்க, திரும்பிப் போயிடறேன்." உள்ளே அதிகாரியும் பிரின்சிபாலும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. அவர் என்ன செய்வார்? வழிவிட்டார்.

அடைக்கலம் காட்டியபடி கல்லை மாட்டிவிட்டு மூலையில் நின்றுகொண்டேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அடைக்கலம் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். புத்தம் புதுசு. என் புருஷன் வந்த அன்றைக்கு அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு கண்ணாடி. அது புரொபசர் மூக்கில் இருந்தது. "எல்லாரும் தயவுசெய்து போட்டுக்கணும், கண்ணுக்கு ஆபத்து" என்று புரொபசர் இப்போது வாய் மணக்கச் சொன்னார். அதிகாரிக்காகத் தமிழிலும் ஒரு தடவை, இங்கிலீஷிலும் ஒரு தடவை.

விளக்கை அணைத்தார்கள். புரொபசர் பிளேடுக்கு முன்னால் சின்ன லென்ஸ் ஒன்றை நிறுத்தினார். எண்ணினார். படாரென்று ஒரு வெட்டு, ஒரு பொறி. விளக்கைப் போட்டதும் அதிகாரி பிளேடை எடுத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். ஓட்டை. எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் நான் முன்னால் போனேன்.

"ஐயா, அந்த பிளேடைக் கொஞ்சம் கொடுங்க" என்றேன். அந்த மனுஷர் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். அதைப் பிரின்சிபால் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"யாரும்மா நீ?" என்றார் பிரின்சிபால். வயசானவர், கைத்தடி வைத்திருந்தார்.

"நான் ஹனீஃபா சம்சாரம்."

பெயர் வாயிலிருந்து வந்துவிட்டது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் முதல் தடவை, அதுவும் அத்தனை ஆம்பிளைகள் நடுவில். நாக்கு கூசிற்று. கூசினால் கூசட்டும் என்று மறுபடியும் சொன்னேன். "ஹனீஃபா. உங்க ரிப்போர்ட்ல பேர் இல்லாத கல் தொழிலாளி. அந்தக் குழாய்ல கண்ணை வச்சவரு. வெளிச்சத்தால ஆபத்து இல்லைன்னு எழுதியிருக்கீங்களாம். ஆபத்து இல்லைன்னா இத்தனை கறுப்புக் கண்ணாடி எதுக்குங்க? இது எஃகு. என் புருஷன் கண்ணு இதைவிடக் கெட்டியா?"

"சார், இந்தம்மா படிக்காதவ" என்று புரொபசர் குறுக்கே வந்தார். முகமெல்லாம் வேர்வை. "லென்ஸ் வச்சுக் குவிச்சாத்தான் ஓட்டை விழும். வெறும் கிரணம் ஒண்ணும் பண்ணாது."

"கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்குன்னு கண் டாக்டர் சொல்றாரே, இல்லையாங்க?" என்றேன். "நீங்க அமெரிக்காவுக்குப் போய்ப் படிச்சவரு. கண்ணுக்குள்ள லென்ஸ் இருக்கா இல்லையா, சொல்லுங்க!"

மாணவன் ஒருவன் தலை குனிந்துகொண்டான். புரொபசர் அந்தச் சின்ன லென்ஸை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"கேக்கறாளே, பதில் சொல்லுமய்யா" என்றார் பிரின்சிபால்.

"இருக்கு" என்றார் புரொபசர்.

"அன்னிக்கு அவரை விலகச் சொன்னீரா?"

"எண்ணினேன்."

"விலகச் சொன்னீரான்னு கேட்டேன்."

"சொல்லலை."

பிரின்சிபால் தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பழைய ரிப்போர்ட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிரின்சிபால் அவரைப் பார்க்கவே இல்லை. "உனக்கு என்ன வேணும்மா? அவருக்கு இங்கே ஏதாவது வேலை..." என்று ஆரம்பித்தார்.

"அது அப்புறம். முதல்ல எழுதணும். தமிழ்ல. அவர் கையால" என்று புரொபசரைக் காட்டினேன்.

எழுதினார். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள். ஆனாலும் நானே ஒரு தடவை கையில் வாங்கி எழுத்துக்கூட்டிப் பார்த்துக்கொண்டேன். 'ஹனீஃபாவின் கண் நல்ல நிலையில் இருந்தது. நான் கூப்பிட்டுத்தான் அவர் வந்தார். நான் சொல்லித்தான் பார்த்தார். நான் அவரை எச்சரிக்கவில்லை. லேசர் வெளிச்சம்தான் அவர் வலது கண்ணைக் கெடுத்தது.' கீழே கையெழுத்து. பிரின்சிபாலும் கையெழுத்துப் போட்டு, அதைப் பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்துவிட்டு, கார்பன் நகலை என்னிடம் கொடுத்தார். புரொபசர் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஜும்ஆத் தொழுகை முடித்து வந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து காகிதத்தைப் படித்தேன். என் குரலில் சண்டை இன்னும் மிச்சம் இருந்தது. முழுக்கக் கேட்டார். "இன்னொரு தடவை படி" என்றார். படித்தேன். "அந்த மூணாவது வரி?" என்றார். 'நான் சொல்லித்தான் பார்த்தார்' என்பதைப் படித்தேன்.

"அப்ப என் மேல தப்பு இல்லையா, ஷரபு?"

"இல்லை! எத்தனை தடவை கழுதையாக் கத்தினேன், இல்லை இல்லைன்னு!"

"நீ என் பொண்டாட்டி, சொல்லுவே. அவரே எழுதியிருக்காரா?"

"அவரே, அவர் கையால."

காகிதத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் சொன்னார்: "அஞ்சு மாசமா அஞ்சு வேளைத் தொழுகையிலயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன், ஷரபு. அல்லா, நீ கொடுத்த கண்ணை நானே பாழாக்கிட்டேன், என்னை மன்னிச்சுடுன்னு."

கண் திரும்பக் கிடைக்கத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷன், அஞ்சு மாதம், அஞ்சு வேளை! அந்த மன்னிப்பைக் கேட்டிருக்க வேண்டிய ஆள் அந்நேரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், இலை போட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார்.